பொதி சுமப்பவர்கள்: மென்பொருள் உரிமம், பதிப்பு, சார்பு பற்றிச் சில குறிப்புகள்

1

‘ஓசியாக் குடுக்குற சாமானுக்கு எதுக்குய்யா லைசென்சு?’ என்று கேட்டார் கவிஞ நண்பர் ஒருவர். டீக்கடையில் வைத்துக் கேட்டது. கட்டற்ற மென்பொருள் பற்றி நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்து கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். கேள்வி என்னோடு தங்கிவிட்டது. பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் நான். ராத்திரிகளில் இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிக்கிறவன். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவர் கேள்வியை இன்னொருவர் கேட்டுக்கொள்வதில்லை என்கிற வருத்தம் ரொம்ப நாளாக உண்டு. அன்றைக்குச் சொல்ல விட்டுப்போன பதில்தான் இது.

கவிஞருக்கு நெருக்கமான இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் செய்யப்பட்ட திருத்தத்திலிருந்து, கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்றே வகைப்படுத்துகிறது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. நாவலும் கவிதையும் உட்கார்ந்திருக்கிற அதே திண்ணையில் நிரலுக்கும் இடம் போட்டிருக்கிறது சட்டம். அட்டவணைகளுக்கும் தொகுப்புகளுக்கும்கூட அங்கே இடம் உண்டு. இந்த அட்டவணை என்கிற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலக்கியப் படைப்பு என்றானதும் ஒன்று நடக்கிறது. எழுதிய கணத்திலேயே, எங்கும் பதிவு செய்யாமலே, எழுதியவருக்கு உரிமை வந்து ஒட்டிக்கொள்கிறது. (சம்பளத்துக்கு எழுதினால் பெரும்பாலும் முதலாளிக்கு ஒட்டிக்கொள்கிறது என்பது வேறு சோகம்.) ஆக, நான் ஒரு நிரலை எழுதி, நிபந்தனை என்று ஒரு வரிகூட எழுதாமல் நடுத்தெருவில் வைத்துவிட்டுப் போனால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. பார்க்கலாம், படிக்கலாம். எடுத்துப் புழங்க முடியாது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, பதிப்புரிமைக்குச் சரிப்படாது. எதையும் பொதுவில் வைக்க வேண்டுமானால், ‘பொதுவில் வைக்கிறேன், இன்ன நிபந்தனையோடு’ என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்கிற பிரதிதான் உரிமம்.

எப்படிப் பொதுவில் வைப்பது என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியதும் பிறகு அது எல்லோருக்கும் திறக்கப்பட்டதும் நாமறிந்ததே. யாரும் அச்சிடலாம். அச்சிடுகிறவர் தானாக எழுதிச் சேர்த்த உரைக்கும் முன்னுரைக்கும் அவரே உரிமை கொண்டாடலாம். அதையும் பொதுவில் வை என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற உரிமங்கள் ஏறக்குறைய இந்த வழியில் வருபவை. எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபம் பார், மூடி வைத்துக்கொள், ஆனால் என் பெயரையும் இந்த உரிம வாசகத்தையும் கிழித்துப் போடாதே. அவ்வளவுதான்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் வேறு ஜாதி. அது சொல்வது: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். ஆனால் மாற்றியதைப் பிறருக்கு வழங்கினால், உன் மாற்றத்தையும் மூலநிரலோடு இதே நிபந்தனையில் வழங்கு. வாங்குகிறவனுக்கு நீ பெற்ற அதே சுதந்திரம் இருக்க வேண்டும். பதிப்புரிமையை ஒழிக்காமல், பதிப்புரிமையின் பலத்தைக் கொண்டே வேலியடைப்பைத் தடுக்கிற உபாயம் இது. முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. இதற்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர். வழங்கினால் மட்டுமே நிபந்தனை பிறக்கிறது, சும்மா பயன்படுத்தினால் இல்லை என்பதையும் கவனிக்க.

எது உண்மையான சுதந்திரம் என்று இந்த இரு முகாம்களும் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. என் சாய்வு ஜிபிஎல் பக்கம். ஆனால் அந்தச் சாய்வுக்கு ஒரு விலை உண்டு என்பதை 2021 மார்ச்சில் நடந்த ஒரு சின்ன விவகாரம் காட்டிக்கொடுத்தது.

2

அதற்கு முன் பொதி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு எந்த நிரலாளரும் முழு நிரலையும் தானே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒரு தொகுதி, படத்தைச் சுருக்க ஒரு தொகுதி, கடவுச்சொல்லை மறைத்து வைக்க இன்னொன்று என்று ஏற்கெனவே எழுதி வைத்திருப்பவற்றை எடுத்துக் கோக்கிறார். அந்தத் தொகுதி இன்னொருவர் கணினியில் போய் இறங்கி வேலை செய்ய வேண்டுமானால் கட்டி அனுப்ப வேண்டும். கட்டும்போது மேலே ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள்: என் பெயர் இன்னது, பதிப்பு எண் இன்னது, என் உரிமம் இன்னது, நான் வேலை செய்ய இன்னின்ன பொதிகள் இன்னின்ன பதிப்பில் வேண்டும். கட்டியவற்றை ஒரு பொதுக் கிட்டங்கியில் போட்டு வைக்கிறார்கள். ரூபி மொழிக்கு ஒரு கிட்டங்கி, பைத்தானுக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒன்று. நீங்கள் ஒன்றைக் கேட்டால் அது கேட்கிற பத்தும், அந்தப் பத்தும் கேட்கிற நூறும் வரிசையாக இறங்கும். உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் முன்பின் அறியாத முந்நூறு பேர் எழுத்து உங்கள் கணினிக்குள் வந்துவிடுகிறது.

சீட்டில் இருக்கிறவற்றில் பெயரையும் எண்ணையும் சார்புகளையும் இயந்திரம் சரிபார்க்கிறது, ஏனென்றால் அவை தவறினால் வண்டி ஓடாது. உரிமத்தை எந்த இயந்திரமும் மெய்யா என்று பார்ப்பதில்லை. அது பொதியைக் கட்டியவர் தருகிற வாக்குமூலம் மட்டுமே. அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, கவனிக்காமல் விட்டாலே போதும்.

3

மைம்மேஜிக் என்று ரூபி மொழியில் ஒரு சின்னப் பொதி. ஒரு கோப்பைக் கொடுத்தால் இது படமா, பாட்டா, பிடிஎஃப்பா என்று சொல்லும். கோப்பின் பெயர் வாலைப் பார்த்தும், உள்ளே முதல் சில பைட்டுகளைப் பார்த்தும் சொல்லும். இதைச் சொல்ல அதற்கு ஒரு பெரிய பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை அது, லினக்ஸ் மேசைக்கணினிகள் பொதுவாகப் பயன்படுத்துகிற ஷேர்டு-மைம்-இன்ஃபோ என்கிற திட்டத்தின் கோப்பிலிருந்து எடுத்து ரூபி வடிவத்துக்கு மாற்றி வைத்திருந்தது. ஷேர்டு-மைம்-இன்ஃபோவின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அல்லது பிந்தையது. மைம்மேஜிக் தன் சீட்டில் எழுதியிருந்ததோ எம்ஐடி.

பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. இதற்கிடையில் மார்செல் என்கிற பொதி மைம்மேஜிக்கைச் சார்ந்தது. ரெயில்ஸ் என்கிற புகழ்பெற்ற வலைச் சட்டகத்தின் கோப்புச் சேமிப்புப் பகுதி மார்செலைச் சார்ந்தது. ரெயில்ஸின் 5.2 பதிப்பிலிருந்து இந்தச் சங்கிலி தொடர்கிறது. ரெயில்ஸை நம்பி லட்சக்கணக்கான நிரல்கள். ஆக, ஒரு தாழ்வாரத்து மூலையில் கிடந்த பட்டியலின் மேல் ஊரே உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியாமல்.

2021 மார்ச் 24 அன்று ஷேர்டு-மைம்-இன்ஃபோவைப் பராமரிப்பவர் மைம்மேஜிக்குக்காரருக்கு எழுதினார்: என் ஜிபிஎல் கோப்பை உள்ளே வைத்துக்கொண்டு நீங்கள் எம்ஐடி என்று எழுதியிருப்பது செல்லாது. மைம்மேஜிக்குக்காரர் வாதாடவில்லை. அன்றைக்கே ஜிபிஎல் உரிமத்தோடு 0.3.6, 0.4.0 என்று இரண்டு பதிப்புகளை வெளியிட்டார். எம்ஐடி என்று தப்பாகச் சீட்டு ஒட்டியிருந்த பழைய பதிப்புகளைக் கிட்டங்கியிலிருந்து உருவி எடுத்துவிட்டார். நேர்மையான மனுஷன் செய்கிற காரியம்தான். அடுத்த மணி நேரத்திலிருந்தே உலகத்தின் பல மூலைகளில் ரெயில்ஸ் நிரல்களைப் புதிதாகக் கட்ட முடியாமல் போயிற்று.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மார்செல் தன் சீட்டில் எழுதியிருந்தது, ‘மைம்மேஜிக் 0.3.2 அல்லது மேல், ஆனால் 0.4க்குக் கீழ்’ என்று. இந்த எல்லைக்குள் 0.3.6 வருகிறது. ஆனால் விவரமான நிரலாளர்கள் எல்லையை மட்டும் நம்பி இருப்பதில்லை. இன்று என் கணினியில் ஓடியது நாளை வேறு இடத்திலும் அச்சு அசலாக ஓட வேண்டும் என்பதற்காக, இறங்கிய ஒவ்வொரு பொதியின் துல்லியமான எண்ணையும் ஒரு பூட்டுக் கோப்பில் எழுதி வைப்பார்கள். அதில் 0.3.5 என்று எழுதியிருந்தவர்கள் போய்க் கேட்டபோது கிட்டங்கி, அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது. ஸ்திரத்தன்மைக்காகப் போட்ட பூட்டு, இல்லாத வீட்டுக் கதவில் தொங்கியது.

பூட்டாமல் வைத்திருந்தவர்கள் கதை இதைவிடச் சுவாரஸ்யம். அவர்களுக்கு எந்தத் தடங்கலும் வரவில்லை. சத்தமில்லாமல் 0.3.6 இறங்கியது. நேற்று எம்ஐடி, இன்று ஜிபிஎல். மூன்றாவது இலக்கத்தில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே. வாக்கியம் மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது என்று நம் கோட்பாட்டாளர் யாராவது எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன்.

4

பதிப்பு எண் என்பது என்ன? பரவலாகப் பின்பற்றப்படுகிற வழக்கப்படி மூன்று இலக்கங்கள். முதல் இலக்கம் ஏறினால் பழைய பழக்கம் உடைகிறது என்று பொருள். நடு இலக்கம் ஏறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது, பழையது கெடவில்லை. கடைசி இலக்கம் ஏறினால் பிழை திருத்தம் மட்டும். இது ஒரு வாக்குறுதி. ஆனால் நிரலின் நடத்தை பற்றிய வாக்குறுதி மட்டும். நிபந்தனை மாறினால் எந்த இலக்கத்தை ஏற்றுவது என்பதற்கு அந்த வழக்கத்தில் விதியே கிடையாது. சட்டத்தின் கண்ணில் நிலநடுக்கம், எண்ணின் கண்ணில் தூசி. பொறியாளர்கள் உருவாக்கிய குறியமைப்பு எதைச் சொல்லத் தகுந்தது என்று தேர்ந்தெடுத்திருக்கிறது பாருங்கள். நிரல் உடைகிறதா என்பது சொல்லத் தகுந்தது. யாருடைய உழைப்பு, என்ன நிபந்தனையில் என்பது சொல்லத் தகாதது, வேறொரு மூலையில் கிடக்கிற வழக்கறிஞர் சமாச்சாரம்.

பதிப்பு எண்ணை வேறு மாதிரிப் பார்த்த ஆளும் உண்டு. டொனால்ட் நூத் தன் டெக் என்கிற அச்சுக்கோப்பு நிரலின் எண்ணை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பை என்கிற கணித மாறிலியை நோக்கி ஒரு இலக்கம் நீட்டுகிறார். 2021இல் அது 3.141592653க்கு வந்தது. தான் இறந்த பிறகு எண் பை என்றே ஆகிவிட வேண்டும், அதற்குப்பின் மிஞ்சியிருக்கும் பிழைகள் எல்லாம் பிழைகளல்ல, நிரலின் இயல்புகள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு பிரதி முடிந்துபோகலாம் என்று ஒத்துக்கொள்கிற மனசு அபூர்வம். மற்ற எல்லோரும் முடிவே இல்லாத புதுப்பித்தலில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

புதுப்பித்தலின் தலைவலி இப்படி வரும். என் நிரலுக்கு அ, ஆ என்று இரண்டு பொதிகள் வேண்டும். அ-வுக்கு ஈ-யின் பழைய பதிப்பு, 2க்குக் கீழே இருந்தால்தான் ஓடும். ஆ-வுக்கு ஈ-யின் 2ஆம் பதிப்பு இல்லாமல் ஆகாது. அ-வும் நல்லவர், ஆ-வும் நல்லவர், ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள், சம்பந்தி சண்டை மாதிரி. சில நூறு பொதிகளில் எல்லோருக்கும் ஒத்துப்போகிற பதிப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, கணினியியலில் கடினம் என்று நிரூபிக்கப்பட்ட கணக்குகளின் வகையைச் சேர்ந்தது. எல்லாச் சந்தர்ப்பத்திலும் வேகமாகத் தீர்க்கிற வழி எதுவும் அறியப்படவில்லை. ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: ஆளுக்கொரு ஈ கொடுத்துவிடு. சண்டை தீர்ந்தது. ஆனால் ஈ-யில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் எத்தனை ஈ எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று வீடு வீடாகத் தேட வேண்டும்.

உரிமங்களுக்கும் பதிப்பு உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பு 1991, மூன்றாவது 2007. ‘இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது’ என்று சிலர் எழுதுவார்கள், ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்று சிலர். லினக்ஸ் கருநிரல் இரண்டாவது வகை. இந்த ஒற்றைச் சொல்லில் எவ்வளவு தொங்குகிறது தெரியுமா? அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்த நிரலை ஜிபிஎல் மூன்றோடு சேர்க்கலாம், இரண்டோடு மட்டும் நிற்கிற நிரலோடு சேர்க்க முடியாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. அதாவது, உரிமங்களுக்கிடையிலும் அ-ஆ-ஈ சண்டை இருக்கிறது. சட்டமும் ஒரு சார்புதான், அதற்கும் எல்லை குறிக்க வேண்டியிருக்கிறது. நிரல்களின் சண்டையைத் தீர்க்கக் கருவி எழுதியவர்கள் இந்தச் சண்டையை மனிதர்களிடம் விட்டுவிட்டார்கள்.

5

இனி அந்த அட்டவணை. கோப்பு வகைகளின் பட்டியல் ஒரு படைப்பா? பிஎன்ஜி படக் கோப்பு இன்ன பைட்டுகளில் தொடங்கும் என்பது உலக உண்மை. உண்மைக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? தொலைபேசி எண் பட்டியலை அகரவரிசையில் அடுக்கியதற்காக மட்டும் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1991இல் ஃபைஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் ஊர்ச் சட்டமோ அட்டவணைகளைப் பெயர் சொல்லியே இலக்கியத்தில் சேர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996இலிருந்து தரவுத்தளத்துக்கென்றே தனி உரிமை இருக்கிறது. ஒரே பட்டியல், விமானம் ஏறி இறங்கினால் வேறு வேறு ஆளாகிவிடுகிறது. போதாததற்கு இது வெறும் எண்ணடுக்கு இல்லை. எந்த அடையாளத்தை முதலில் பார்ப்பது, எதற்கு எவ்வளவு எடை என்று பல பேர் வருஷக்கணக்காக உட்கார்ந்து தீர்மானித்தது. மைம்மேஜிக்குக்காரர் வழக்காடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. வழக்காட அவருக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. இனாமாக வேலை செய்கிறவன் கோர்ட் படி ஏறுவதாவது.

இரண்டாவது கேள்வி இன்னும் நமக்கு நெருக்கம். ரெயில்ஸ் அந்தப் பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கவில்லை. மார்செலின் பெயரைச் சொன்னது. மார்செல் மைம்மேஜிக்கின் பெயரைச் சொன்னது. பெயர் சொல்வது எடுத்தாள்வதாகுமா? ஒரு கட்டுரையில் ஒரு நாவலைக் குறிப்பிடுவதும், நாவலின் அத்தியாயத்தை அப்படியே சேர்த்து அச்சிடுவதும் ஒன்றா? பிரதிகளுக்கிடையிலான உறவு பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், எல்லாப் பிரதியும் மேற்கோள்களின் நெசவு என்று. அது வாசிப்பைப் பற்றிய பேச்சாக இருந்தவரை சுகமாக இருந்தது. இங்கே எந்த இடத்தில் குறிப்பு முடிந்து கலப்பு தொடங்குகிறது என்பதில் ஒரு கம்பெனியின் மூலநிரல் திறப்பதா மூடுவதா என்பது இருக்கிறது. ஓடும்போது ஒன்றாய்ச் சேர்ந்து ஓடினால் அது ஒரே படைப்பு என்பது ஒரு தரப்பு. வெறும் அழைப்பினால் படைப்பு ஒன்றாகிவிடாது என்பது மறுதரப்பு. வழக்கறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று ரோலான் பார்த்தைத் துணைக்கழைத்துத் தொண்ணூறுகளில் நாம் போட்ட கூச்சல் ஞாபகம் வருகிறது. ஃபூக்கோ அதற்குப் பக்கத்தில் நின்று, ஆசிரியன் என்கிற பெயர் என்ன வேலை செய்கிறது என்று பார் என்றார். நிரல் உலகத்தில் ஃபூக்கோவின் கேள்விதான் பிழைத்திருக்கிறது. இங்கே யாரும் ஆசிரியரைத் தேடிப் படிப்பதில்லை. ஆனாலும் எம்ஐடி உரிமத்தின் ஒரே நிபந்தனை, பெயரைக் காப்பாற்று என்பதுதான். ஜிபிஎல்லில் அந்தப் பெயர்தான் வேலியடைக்கிறவனை நீதிமன்றத்துக்கு இழுக்கிற பிடி. பெயர் இங்கே புகழுக்கு இல்லை, பொதுச்சொத்துக்குக் காவல் நிற்க.

ரெயில்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? மார்ச் 26 அன்றே 5.2.5, 6.0.3.6, 6.1.3.1 என்று மூன்று கிளைகளுக்கும் புதுப் பதிப்பு வெளியிட்டார்கள். மார்செல் 1.0 மைம்மேஜிக்கைக் கழற்றிவிட்டு, அப்பாச்சி டிகா என்கிற திட்டத்தின் பட்டியலுக்கு மாறியது. அது அப்பாச்சி உரிமம், வேலி போட நினைப்பவர்களுக்குத் தொந்தரவில்லை. இரண்டு நாளில் காரியம் முடிந்தது. வேகத்தைப் பாராட்டலாம். ஆனால் நடந்தது என்னவென்றும் பார்க்க வேண்டும்: பொதுவில் வைத்ததைப் பொதுவிலேயே வைத்திரு என்று கேட்ட ஒரு பிரதி, சங்கிலியிலிருந்து கழற்றப்பட்டது. வலைச் சேவையகத்தில் வைத்து ஓட்டுகிறவர்களில் பலருக்கு ஜிபிஎல்லால் எந்தப் பாதிப்பும் வந்திருக்காது, ஏனென்றால் அவர்கள் நிரலை யாருக்கும் வழங்குவதில்லை. ஆனாலும் ஜிபிஎல் என்ற சொல்லைக் கேட்டதுமே கம்பெனிகளின் சட்டப் பிரிவுகள் மிரளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜிபிஎல்லுக்குத் தரவேண்டிய விலை என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். நிபந்தனை கேட்கிறவனைத் தவிர்த்துவிட்டு நிபந்தனை கேட்காதவனிடம் போவது சந்தைக்குச் சுலபம்.

6

இதே பிரச்சினையை வேறு விதமாகக் கையாளுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன். தன்னார்வலர்களால் நடக்கிற லினக்ஸ் வெளியீடு. இங்கே பொதி கட்டுகிறவர் பெரும்பாலும் நிரலை எழுதியவர் இல்லை, மூன்றாமவர். பதிப்பாசிரியர் என்று சொல்லலாம். அவர் ஒவ்வொரு கோப்பையும் புரட்டி, எது யாருடையது, என்ன உரிமம் என்று தனிக் கோப்பில் எழுத வேண்டும். புதிய பொதி என்றால் அதை இன்னொரு குழு மனிதக் கண்ணால் படித்த பிறகே உள்ளே விடும். நாளாகும், வாரமாகும், சில சமயம் மாதமும் ஆகும். கிட்டங்கியில் பொத்தானை அமுக்கி ஒரு நிமிஷத்தில் வெளியிட்டுப் பழகியவர்கள் எரிச்சல்படுவார்கள். நானும் எரிச்சல்பட்டவன்தான். நான் கட்டிய ஒரு சின்னப் பொதியை, உள்ளே கிடந்த ஒரே ஒரு எழுத்துருக் கோப்பின் உரிமம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியபோது கெட்ட வார்த்தையே வந்தது. அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று நானே தேடியபோதுதான் எனக்கும் தெரியவில்லை என்று தெரிந்தது.

எது கட்டற்றது என்பதற்கு அவர்கள் 1997இல் வகுத்த வழிகாட்டு நெறிகள்தான் மறு வருஷம் ‘திறமூலம்’ என்கிற சொல்லுக்கான வரையறையாகவும் ஆனது. அந்த நெறியை அவர்கள் எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு 1998ஐச் சொல்ல வேண்டும். கேடிஈ என்கிற மேசைச் சூழல் அப்போது அழகாக வளர்ந்துகொண்டிருந்தது. அது ஜிபிஎல். ஆனால் அது நின்ற க்யூட்டி என்கிற அடித்தளத்தின் அன்றைய உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை. இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை. இரண்டையும் பயனர்கள் விரும்பினார்கள். டெபியன், இதைச் சேர்த்து வழங்க எங்களுக்கு உரிமையில்லை என்று கேடிஈயை வெளியே வைத்தது. 2000 செப்டம்பரில் க்யூட்டி ஜிபிஎல்லிலும் வெளிவந்த பிறகுதான் சண்டை தீர்ந்தது. கவிஞரின் ஓசிக் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை. ஓசி வேறு, உரிமை வேறு.

டெபியனுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் பொதிக்குள் நகலெடுத்து வைக்காதே, அசல் பொதியைச் சார்ந்திரு. மைம்மேஜிக் கடைசியில் வந்து சேர்ந்ததும் அங்கேதான். 0.3.7இலிருந்து அது எம்ஐடிக்குத் திரும்பியது, பட்டியலை உள்ளிருந்து எடுத்துவிட்டு, உங்கள் கணினியில் ஷேர்டு-மைம்-இன்ஃபோ இருக்கிறதா, அதிலிருந்து படித்துக்கொள்கிறேன் என்றது.

7

கிட்டங்கிகளில் ஒருவர் தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? 2016 மார்ச் 22 அன்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர், தன் பொதி ஒன்றின் பெயரைக் கிட்டங்கி நிர்வாகம் ஒரு கம்பெனிக்கு மாற்றிக்கொடுத்ததைக் கண்டித்து, தன்னுடைய 273 தொகுதிகளையும் எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட், பதினோரு வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும், வேறொன்றும் செய்யாது. அது போனதும் பெரிய பெரிய கம்பெனிகளின் நிரல்கள் கட்ட முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் நிர்வாகம் அதைத் திரும்ப வைத்தது. பிறகு, வெளியிட்டதை இஷ்டத்துக்கு எடுக்க முடியாதபடி விதியை மாற்றினார்கள். பதினோரு வரி எழுதத் தெரியாத ஜனங்களா என்று கேலி பேசியவர்கள் நிறைய. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. கிட்டங்கிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், பெயரை எடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற அதிகாரம் உரிமத்தில் எழுதப்படாமல் அவர் கையில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் வெட்ட வெளிச்சமானது. நிரல் கட்டற்றது, மேடை தனியார்.

2024 மார்ச் 29இல் வெளிவந்தது இதைவிடக் கனமானது. எக்ஸ்இசட் என்கிற சுருக்கும் கருவி கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்கிற பொறியாளர், தொலைவிலிருந்து நுழையும்போது அரை விநாடி தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்து. பின்வாசலை இயக்கிவைக்கிற துண்டு பொதுவில் எல்லோரும் பார்க்கிற மூலநிரல் களத்தில் இல்லை, கட்டி அனுப்பிய பொதிக்குள் மட்டும் இருந்தது. நான் படித்ததும் நீ கட்டியதும் ஒன்றல்ல. கட்டுகிறவரை நம்பித்தான் இவ்வளவும் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்த வேலை.

அந்த ஆள் எப்படி உள்ளே வந்தார் என்பதுதான் மனசைப் பிசைகிறது. எக்ஸ்இசட்டை வருஷக்கணக்காகப் பராமரித்தவர் ஏறத்தாழ ஒற்றை ஆள். தன்னால் முன்போல முடியவில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று 2022இல் அவரே எழுதியிருந்தார். ஏன் தாமதம், ஏன் வேறு யாரையாவது சேர்க்கக் கூடாது என்று முகம் தெரியாத சிலர் நெருக்கினார்கள். உதவிக்கு வந்த புதியவர் பொறுமையாக இரண்டு வருஷத்துக்கும் மேல் வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு பொதி கட்டுகிற உரிமையையும்.

ஜிபிஎல்லோ எம்ஐடியோ இந்த மனுஷனின் களைப்பைப் பற்றிப் பேசுவதில்லை. ‘உத்தரவாதம் எதுவும் இல்லை’ என்று இரண்டுமே பெரிய எழுத்தில் சொல்கின்றன. எழுதியவரைக் காப்பாற்றத்தான் அந்த வாசகம். ஆனால் உத்தரவாதம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களே ஏன் தாமதம் என்று அதட்டினார்கள். உரிமம் என்கிற பிரதியால் பொருளின் மேல் உள்ள உரிமையைப் பங்கிட முடிந்திருக்கிறது, பராமரிப்பு என்கிற உழைப்பைப் பங்கிட முடியவில்லை. காப்பிலெஃப்ட்டைக் கண்டுபிடித்த மாதிரி இதற்கு ஒரு உபாயத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் அதே கவிஞர் வந்தார். தன் தொகுப்பை மின்னூலாக்க வேண்டும், உதவு என்று. கோப்பைத் திறந்து பார்த்தேன். அழகான எழுத்துரு. லைசென்ஸ் என்னவென்று கேட்டேன். ‘அது எங்கயோ எறக்குனதுய்யா’ என்றார். அது ஓஎஃப்எல் உரிமத்தில் இருந்தால் கவலையில்லை, நூலுக்குள் பதித்துக்கொள்ளலாம், கவிதைகளை அது கட்டுப்படுத்தாது. விதிவிலக்குச் சேர்க்காத வெறும் ஜிபிஎல்லாக இருந்தால் யோசிக்க வேண்டும். கடையில் விற்கிற எழுத்துருவின் திருட்டு நகலாக இருந்தால் வேறு பார்க்க வேண்டும். எழுத்துருக் கோப்பைப் பிரித்துத் தேடினோம். உரிமம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.